லினக்ஸுக்குக் கூட்டம் சேர்ந்தால்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

பல வருடங்களாக விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் பயன்படுத்துகிறேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் நின்றதிலிருந்து தெரிந்தவர்கள் பலர் ‘எனக்கும் அதைப் போட்டுக் கொடு’ என்கிறார்கள். சந்தோஷம்தான், ஆனால் பயமாகவும் இருக்கிறது. ஆள் சேரச் சேர வைரஸ் வரும், பெரிய கம்பெனிகள் புகுந்து வளைத்துப் போட்டுவிடும் என்று தோன்றுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

போட்டுக் கொடுங்கள், தயங்காதீர்கள். எனக்கும் பயம் உண்டு, ஆனால் அது வேறு இடத்தில்.

வைரஸ் எழுதுபவர்கள் எப்போதோ வந்துவிட்டார்கள். மேசைக் கணினியில்தான் லினக்ஸ் சிறுபான்மை. உலகின் அதிவேகமான 500 சூப்பர் கணினிகளும் 2017 நவம்பரிலிருந்து லினக்ஸில்தான் ஓடுகின்றன, சர்வர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். புதிதாக வருபவர்களுக்கு ஆபத்து, எங்கோ பார்த்த கட்டளையை அப்படியே காப்பி செய்து சூடோ (நிர்வாகி அதிகாரம் தரும் கட்டளை) போட்டு ஓட்டுவதில் இருக்கிறது. 2025 ஜூலையில் ஆர்ச் என்ற லினக்ஸ் வகையின், பயனர்களே நிரல்களை ஏற்றும் களஞ்சியத்தில் பிரவுசர்களின் பெயரை ஒட்டிக்கொண்டு தீங்கு நிரல்கள் ஏறின. இரண்டே நாளில் தூக்கிவிட்டார்கள், ஆனாலும் ஏறின.

கம்பெனிகளும் உள்ளேதான் இருக்கின்றன. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு வரும் மாற்றங்களில் பெரும்பகுதியை எழுதுவதே சம்பளம் வாங்கும் பொறியாளர்கள். அதை முதலில் எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸ் 1992-ல் அதை ஜிபிஎல் உரிமத்துக்குக் (மாற்றி வினியோகிப்பவரும் மூல நிரலைத் தர வேண்டும் என்பது அது) கொண்டுவந்தார், பதிப்புரிமையோ எழுதிய ஆயிரக்கணக்கானவர்களிடம் சிதறிக் கிடக்கிறது, அதனால் யாரும் அதை மொத்தமாக வாங்கி மூடிவிட முடியாது. ஆனால் ஆண்ட்ராய்டைப் பாருங்கள். உள்ளே இருப்பது அதே கெர்னல்தான், மூல நிரல் கேட்டால் கிடைக்கும், ஆனால் பல போன்களில் பூட்லோடரை (போனை ஆன் செய்ததும் கெர்னலை ஏற்றும் நிரல்) பூட்டி வைத்திருப்பதால் திருத்திய கெர்னலை உங்கள் போனிலேயே உங்களால் ஏற்ற முடியாது. மேசைக் கணினிக்கும் அந்த நிலை வந்தால் அது பெரிய இழப்பு.

சரி, என் பயத்துக்கு வருகிறேன். எக்ஸ்இசட் என்று கோப்புகளைச் சுருக்கும் ஒரு கருவி, ஏறக்குறைய எல்லா லினக்ஸ் வகைகளிலும் இருப்பது. அதைப் பல வருடங்களாகப் பராமரித்தவர் ஒரே ஒருவர், அதுவும் சம்பளமில்லாமல். 2022-ல் ஏன் இவ்வளவு தாமதம், முடியாவிட்டால் வேறு ஆளிடம் கொடுங்கள் என்று சில பெயர்களிலிருந்து அவருக்குத் தொடர்ந்து நெருக்கடி. இது கூலியில்லாத பொழுதுபோக்கு வேலை என்று அவர் நினைவுபடுத்தியும் பார்த்தார். அப்புறம் பொறுமையாக உதவிக்கொண்டிருந்த இன்னொருவரிடம் பொறுப்பைப் பகிர்ந்தார், அந்த இன்னொருவர்தான் 2024-ல் 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் திருட்டுத்தனமாக நுழைய ஒரு பின்கதவு வைத்தது. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் வேறு ஏதோ சோதனை செய்துகொண்டிருந்தபோது எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து இன்னொரு கணினிக்குள் நுழையும் வழி) லாகின் அரை வினாடி தாமதமாவதைக் கவனித்து, விடாமல் தோண்டியதால் அது பிடிபட்டது. முக்கிய லினக்ஸ் வகைகளின் நிலையான பதிப்புகளுக்குப் போய்ச் சேரும் முன்பே! அந்த அரை வினாடியை அவர் பொருட்படுத்தாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் யோசித்துப் பார்க்கிறேன்.

பயன்படுத்துபவர்கள் பத்து மடங்கானால் இப்படித் தனியாகச் சுமப்பவர்கள் பத்து மடங்காக மாட்டார்கள். வந்து விழும் கோபமான கோரிக்கைகள் மட்டும் பெருகும், அதற்குப் பதில் எழுதிக் களைத்துப்போன ஒருவர் யாராவது கை கொடுத்தால் போதும் என்று சாவியை நீட்டிவிடுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதனால் நிறுவிக் கொடுக்கும்போது கூடவே ஒரு அரை மணி நேரம் உட்கார்ந்து பிழை அறிக்கை எழுதவும் சொல்லிக் கொடுங்கள்: எந்தப் பதிப்பு, என்ன செய்தபோது நின்றது, திரையில் என்ன செய்தி வந்தது, மறுபடி செய்தால் மறுபடி வருகிறதா. ‘உடனே சரிசெய்யவும்’ என்ற வரியை மட்டும் எழுத வேண்டாம் என்று சொல்லுங்கள்.