ஈரோடு சந்தைக்குத் தனியாகப் போகிறீர்களா? இறங்கும் இடத்தை முதலில் பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 46. சென்னை அம்பத்தூரில் வீட்டிலிருந்தே நைட்டி, காட்டன் சேலை விற்கிறேன். ஈரோடு சந்தைக்கு இதுவரை தம்பி துணைக்கு வந்தான். வேலை மாறிவிட்டதால் இனி அவனால் வர முடியாது. போனால் இரண்டு நாள் வேலைதான். ஆனால் ஆம்னி பஸ் விடியற்காலை 3 மணிக்கே இறக்கிவிடும் என்கிறார்கள். தனியாக வரும் பெண்ணுக்கு லாட்ஜில் அறை கொடுக்க மாட்டார்கள் என்றும் சொல்கிறார்கள். கையில் 40,000 ரூபாய் சரக்குப் பணம் இருக்கும். எப்படிப் போய்வருவது?

பதில்: ஈரோட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை, சகோதரி. கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தை திங்கள் சாயங்காலம் தொடங்கி செவ்வாய் வரை நடக்கிறது. அந்த நேரத்தில் பன்னீர்செல்வம் பார்க் சுற்றுவட்டாரத்தில் ஆள் நடமாட்டத்துக்குக் குறைவில்லை. வெளியூர்களிலிருந்து சரக்கெடுக்க வரும் பெண்களும் உண்டு. தொந்தரவு வருவது இரண்டு வழியில்தான்: தவறான நேரத்தில் தவறான இடத்தில் இறங்குவது ஒன்று, உதவி செய்வதாக ஒட்டிக்கொள்பவரை நம்புவது இன்னொன்று. இந்த இரண்டையும் வீட்டிலிருந்தே அடைத்துவிடலாம்.

முதலில் பஸ். சென்னையிலிருந்து கோவை, கேரளா பக்கம் போகும் ஆம்னி பஸ்கள் சேலம், சங்ககிரி, பவானி, பெருந்துறை, அவிநாசி என்று நெடுஞ்சாலையிலேயே போகும். ஈரோடு அந்தச் சாலையிலிருந்து ஒதுங்கி இருக்கிறது. டிக்கெட்டில் "ஈரோடு" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். இறங்குமிடம் என்ற வரியில் பொடி எழுத்தில் "லட்சுமி நகர் பைபாஸ்", "சித்தோடு", "பெருந்துறை" என்று போட்டிருப்பார்கள். சித்தோட்டிலிருந்து ஊருக்குள் வர சுமார் 10 கிலோமீட்டர், பெருந்துறையிலிருந்து கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. விடியற்காலை 3 மணிக்குப் பாலத்தடியில் பையோடு நிற்கும் பெண்ணிடம் அங்கே நிற்கும் ஒரே ஆட்டோக்காரர் கேட்பதுதான் கட்டணம். திருப்பூர் போகிறவர்களுக்கும் இதே கதைதான், பெருமாநல்லூரிலோ அவிநாசியிலோ இறக்கிவிடுவார்கள். ஊர்ப் பெயரைப் போட்டுக் காசு வாங்கிக்கொண்டு ஊருக்கு வெளியே தள்ளிவிட்டுப் போவதை யாரும் தட்டிக் கேட்பதில்லை. "கிளீனர் தம்பிகிட்ட சொல்லிட்டா உள்ள கொண்டுவந்து விட்ருவார்" என்று புக்கிங் ஏஜென்ட் சொல்வதை நம்பவே நம்பாதீர்கள். கமிஷன் வாங்கியதோடு அவர் வேலை முடிந்தது, வண்டி ஓட்டுகிறவருக்கு அவர் யாரென்றே தெரியாது.

ஆகவே உங்களுக்கு ரயில்தான். ஞாயிறு இரவு சென்னை சென்ட்ரலில் புறப்படும் ஏற்காடு எக்ஸ்பிரஸ் திங்கள் காலை 6 மணிவாக்கில் ஈரோடு வந்து சேரும். அதன் கடைசி நிலையமே ஈரோடுதான். தூங்கிப்போய் ஊரைத் தாண்டிவிடுவோமோ என்ற கவலையே கிடையாது. இறங்கும்போது விடிந்திருக்கும், கூடவே ரயில் முழுக்க ஆட்கள் இறங்குவார்கள்.

முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறக்கிறது. உங்கள் வியாபாரத்துக்கு எந்தத் திங்கள் போக வேண்டும் என்பது அவ்வளவு முன்னதாகத் தெரியாமல் போகலாம். பொதுப் பிரிவில் வெயிட்டிங் லிஸ்ட் காட்டினால் பதறி ஏஜென்டிடம் ஓடாதீர்கள். உங்களுக்கென்றே இரண்டு வாசல் இருக்கின்றன, பலர் அதைத் திறந்து பார்ப்பதே இல்லை. முன்பதிவுத் தளத்தில் "ஜெனரல்" என்று இருக்கும் இடத்தைத் தொட்டால் கோட்டாப் பட்டியல் விரியும். அதில் "லேடீஸ்" என்று ஒன்று இருக்கும். தொலைதூர எக்ஸ்பிரஸ் ரயில்களில் ஸ்லீப்பர் வகுப்பில் 6 படுக்கைகள் இப்படிப் பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கும். வயது வரம்பு இல்லை. தனியாகப் போகும் பெண்ணுக்கும், பெண்கள் மட்டுமே சேர்ந்து போகும் குழுவுக்கும் கொடுப்பார்கள். தம்பி எப்போதாவது கூட வந்தால் அவர் பெயரை அதே டிக்கெட்டில் சேர்க்காதீர்கள், சேர்த்த நொடியே இந்தக் கோட்டா உங்களுக்கு இல்லை. அவருக்குத் தனி டிக்கெட் போடுங்கள். இரண்டாவது வாசல், "லோயர் பெர்த் / சீனியர் சிட்டிசன்" என்ற கோட்டா. சீனியர் சிட்டிசன் என்ற பெயரைப் பார்த்துவிட்டு நமக்கு இன்னும் 60 ஆகவில்லையே என்று விட்டுவிடுகிறார்கள். ஆண்களுக்குத்தான் 60. பெண்களுக்கு 45 முடிந்தாலே போதும். உங்களுக்கு 46, தாராளமாகக் கேட்கலாம். இதில் ஒரு டிக்கெட்டில் இரண்டு பேர் வரைதான், மூன்றாவது ஆள் சேர்ந்தால் போயிற்று. முதலில் இதைப் பாருங்கள், கீழ்ப் படுக்கையே கிடைக்கும். இல்லையென்றால் லேடீஸ், அதுவும் இல்லையென்றால் ஜெனரல். இந்த வரிசையில் மூன்றையும் பார்த்த பிறகே தட்கல்.

வெயிட்டிங் லிஸ்ட்டிலேயே நின்ற ஆன்லைன் டிக்கெட்டோடு மட்டும் ஏறாதீர்கள். சார்ட், அதாவது கடைசிப் பயணிகள் பட்டியல், போட்டதும் அது தானாக ரத்தாகிவிடும், நீங்கள் டிக்கெட் இல்லாதவராகிவிடுவீர்கள். அப்படி மாட்டிக்கொண்டாலும், துணையில்லாத பெண்ணை இரவில் நடுவழியில் இறக்கிவிட ரயில்வே சட்டம் 139-ஆம் பிரிவு இடம் கொடுக்கவில்லை. அபராதம் கட்ட வேண்டும், அவ்வளவே.

கீழ்ப் படுக்கை என்றால் ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டுத் தூங்குங்கள். சேலத்துக்கும் ஈரோட்டுக்கும் இடையே ரயில் மெதுவாகப் போன இடத்தில் ஜன்னல் வழியாகப் பெண்களின் சங்கிலியை அறுத்த சம்பவங்கள் 2019-ல் நடந்திருக்கின்றன. ரயிலுக்குள் எந்தத் தொந்தரவு என்றாலும் 139 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். பதிவுக் குரல் நீட்டி முழக்கும், பொறுமை போகும். உடனடி ஆபத்து என்றால் அதற்குக் காத்திருக்காமல் நேரே 112.

அடுத்தது தங்குமிடம். தனியாக வரும் பெண்ணுக்கு அறை கொடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. கோவையில் ஒரு சர்வீஸ் அபார்ட்மென்ட்டுக்கு அதிகாரிகள் சீல் வைத்த வழக்கில், திருமணமாகாத ஆணும் பெண்ணும் ஓர் அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டமே கிடையாது என்று 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஜோடிக்கே தடையில்லாதபோது, சரக்கெடுக்க வந்த பெண்ணுக்கு எங்கிருந்து வந்தது தடை? ஆண் வந்து கேட்டால் சாவியை நீட்டுகிறார்கள், பெண் கேட்டால் "கூட யாரு வர்றாங்க?" என்கிறார்கள். கேட்டால் "ஸ்டேஷன்ல சொல்லியிருக்காங்க" என்று காவல் துறை மேல் பழியைப் போடுவார்கள். எழுத்தில் காட்டச் சொன்னால் காட்ட ஒன்றும் இருக்காது.

ஆனால் கவுன்டரில் நின்று சட்டம் பேசி அன்றைய பொழுதை வீணாக்க வேண்டாம். முதல் தேர்வாக ஈரோடு ரயில் நிலையத்தின் ஓய்வறையைப் பாருங்கள். உங்கள் டிக்கெட் கன்பார்ம் ஆகியிருந்தால், அல்லது ஆர்.ஏ.சி.யாக (படுக்கை உறுதியாகாமல் உட்கார இடம் மட்டும் கிடைத்த டிக்கெட்) இருந்தாலும், பி.என்.ஆர். எண்ணை வைத்து ஆன்லைனிலேயே பதிவு செய்யலாம். நிலையத்துக்குள்ளேயே இருப்பதால் இரவில் சந்தையிலிருந்து திரும்புவதும் சுலபம், ரயில்வே போலீசாரும் அருகில் இருப்பார்கள். அது கிடைக்காவிட்டால் தனியார் லாட்ஜ். ஆப்பில் "ஹோட்டலில் பணம் கட்டலாம்" என்று போட்டுப் பதிவு செய்ததை வைத்துக்கொண்டு போகாதீர்கள். நேரில் போனதும் இல்லையென்று கைவிரிப்பது இப்படிப்பட்ட பதிவுகளைத்தான். நான்கு நாளுக்கு முன்பே லாட்ஜுக்கு நேரடியாகப் போன் செய்து மூன்று கேள்வி கேளுங்கள். ஒன்று, தனியாக வரும் பெண்ணுக்கு அறை உண்டா? இரண்டு, செக்-அவுட் 24 மணி நேரமா, பகல் 12 மணியா? நீங்கள் காலை 6 மணிக்குப் போவதால் இது முக்கியம். 12 மணி கணக்கு என்றால் ஆறு மணி நேரத்துக்கே ஒரு நாள் வாடகை எழுதிவிடுவார்கள். மூன்று, பேசுகிறவர் பெயர் என்ன? பிறகு அவர் சொன்னதை அதே எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி "சரி" என்று ஒரு பதில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஒரு பதில் கவுன்டரில் பத்து நிமிடப் பேச்சை மிச்சப்படுத்தும். திங்கள்கிழமை வெளியூர் வியாபாரிகளும் அறை தேடி வருவார்கள் என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அடையாள அட்டைக்கு ஆதாரின் முழு நகலைக் கொடுக்க வேண்டியதில்லை. ஆதார் தளத்தில் பதிவிறக்கும்போது "மாஸ்க்டு ஆதார்" என்ற கட்டத்தை டிக் செய்தால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் நகல் வரும். அதன் மேல் லாட்ஜ் பெயரையும் தேதியையும் பேனாவால் குறுக்கே எழுதிக் கொடுங்கள். அறையில் உள்தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று பையை வைப்பதற்கு முன்பே பாருங்கள். விழவில்லையென்றால் வேறு அறை கேளுங்கள், "ஆள் வந்து சரிபண்ணிடும்" என்பதை ஏற்காதீர்கள்.

இனி உண்மையான தலைவலிக்கு வருகிறேன். ரயில் நிலைய வாசலிலும் காளைமாட்டு சிலைப் பக்கமும் பையோடு வரும் பெண்ணைப் பார்த்ததும் ஒருவர் வருவார். "ஏனுங்க்கா, சந்தைக்குங்களா? அங்க இந்த வாரம் சரக்கே இல்லீங்க. நம்ம ஆளு கடை இருக்குதுங்க, மில் ரேட்டுக்கே வாங்கித் தர்றனுங்க" என்பார். குரலில் அவ்வளவு மரியாதை இருக்கும். லாட்ஜுக்கும் இதே பாட்டுதான்: நீங்கள் சொன்ன லாட்ஜ் நிரம்பிவிட்டது, அவருக்குத் தெரிந்த இடம் ஒன்று இருக்கிறது. அவருக்குக் கமிஷன் யார் கொடுப்பது? நீங்கள்தான். அவர் உங்கள் பின்னால் கடைக்குள் நுழைவதைக் கடைக்காரர் பார்த்ததுமே உருப்படிக்கு ஐந்தோ பத்தோ ஏறிவிடும். 200 நைட்டி எடுத்தால் 10 ரூபாய் வீதம் 2,000 ரூபாய். உங்கள் ரயில் செலவும் அறை வாடகையும் அதிலேயே அடங்கிவிடும். "நான் சும்மாதான் கூட வந்தேன், எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்பவர் விஷயத்திலும் இதுதான் நடக்கும். ஆகவே ஆட்டோவில் ஏறும்போது கடை பெயரோ லாட்ஜ் பெயரோ சொல்லாதீர்கள். "பன்னீர்செல்வம் பார்க்" அல்லது "மணிக்கூண்டு" என்று மட்டும் சொல்லி இறங்கி, மீதியை நடந்துகொள்ளுங்கள். ஆப்பில் ஆட்டோ பிடித்தால் இந்தப் பேச்சே எழாது.

கடைக்குள் தனியாகப் போங்கள். குறைந்தது நான்கு கடையில் ஒரே ரகத்துக்கு விலை கேட்டு, சாம்பிளைப் படம் எடுத்துப் பக்கத்தில் விலையைக் குறித்துக்கொள்ளுங்கள். எடுப்பது என்று முடிவானதும் மேலே இருக்கும் உருப்படியைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். கட்டின் நடுவிலிருந்து ஒன்றை உருவி, முழுதாக விரித்து, ஜிப் தைத்த இடத்தையும் கை இணைப்பையும் இழுத்துப் பாருங்கள். மேலே நல்ல சரக்கும் நடுவில் செகண்ட்ஸும், அதாவது குறையுள்ள சரக்கும், வைத்துக் கட்டுவது உண்டு. எண்ணி முடித்த பிறகு பண்டல் உங்கள் கண் முன்னால் தைக்கப்பட வேண்டும். "நீங்க டீ குடிச்சிட்டு வாங்க, கட்டி வைக்கறோம்" என்றால் டீயை அங்கேயே வரவழைத்துக் குடியுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை 5,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் வேண்டாம். மீதி யு.பி.ஐ.யில் இருக்கட்டும். பயணத்துக்கு முந்தின நாள் புதுப் போனுக்கோ புது சிம்முக்கோ மாறிவிடாதீர்கள். புதிதாகப் பதிவு செய்த யு.பி.ஐ.யில் முதல் 24 மணி நேரம் 5,000 ரூபாய்க்கு மேல் போகாது, சந்தை நடுவில் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டிவரும். பில் கட்டாயம் வாங்குங்கள். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய் வரையிலான சரக்குக்கு இ-வே பில் (சரக்கைக் கொண்டுபோவதற்கான ஜி.எஸ்.டி. சீட்டு) தேவையில்லை. 40,000 ரூபாய் சரக்குக்கு "இ-வே பில் போட்டுத் தர்றேன்" என்று தனியாகக் காசு கேட்பவரை அப்படியே விட்டுவிட்டு நகருங்கள்.

ஸ்லீப்பரில் 40 கிலோ வரை கட்டணமில்லாமல் கொண்டுபோகலாம். நைட்டி ஒன்று கால் கிலோ என்றால் 160 உருப்படியிலேயே அது தீர்ந்துவிடும். அந்தச் சுமையோடு தனியாகப் படியேறுவதும், கழிவறைக்குப் போக வேண்டும் என்றால் முன்பின் தெரியாதவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்வதும் தேவையில்லாத வேலை. பண்டலை லாரி பார்சல் அலுவலகத்தில் நீங்களே நேரில் போட்டு, எடையும் பண்டல் எண்ணிக்கையும் எழுதிய ரசீதை வாங்குங்கள். கடைப் பையனிடம் கொடுத்தனுப்பாதீர்கள். கைப்பையோடு மட்டும் செவ்வாய் இரவு அதே ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறுங்கள். ஈரோட்டிலிருந்தே புறப்படும் வண்டி என்பதால் நெரிசலில்லாமல் ஏறலாம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: திரும்பும் வண்டி விடியும் முன்பே சென்ட்ரலை அடைந்துவிடும். சொந்த ஊர்தானே என்று அந்த நேரத்தில் வாசலுக்கு வந்து, கண்ட வண்டியில் ஏறாதீர்கள். பெண்கள் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருங்கள். நன்றாக வெளிச்சம் வந்து ஆள் நடமாட்டம் தொடங்கியதும் பக்கத்திலுள்ள புறநகர் முனையத்தில் அம்பத்தூர் வண்டியைப் பிடியுங்கள்.