பெங்காலிக்கு ஒரு தமிழ்99 – கடிதமும் பதிலும்

வணக்கம். கல்யாணத்துக்கு அப்புறம் கொல்கத்தாவுலயே செட்டில் ஆயிட்டேன், மனைவி பெங்காலி. மாமியார் கைப்பட எழுதி வச்சிருக்கிற சமையல் நோட்டை டைப் பண்ணித் தர்றேன்னு வாய் விட்டுட்டேன். பெங்காலி டைப் பண்ற அவ்ரோங்கிற சாஃப்ட்வேர்ல இங்கிலீஷ் எழுத்தா தட்டித் தட்டி கை ஓய்ஞ்சு போச்சு. நமக்குத் தமிழ்99 கீபோர்டு லேஅவுட், அதான் எந்த எழுத்து எந்த கீலங்கிற அமைப்பு, எவ்வளவு சுகம்! அதே மாதிரி பெங்காலிக்கு நானே ஒண்ணு பண்ணலாம்னு இருக்கேன். இத்தனை நாளா ஏன் யாரும் பண்ணல?

ஆர்., கொல்கத்தா

அன்புள்ள ஆர்.,

தாராளமா பண்ணுங்க, ஆனா யாரும் பண்ணலன்னு மட்டும் அங்க போய் சொல்லிடாதீங்க, சண்டைக்கு வருவாங்க. 1965லயே முனீர் சௌத்ரி டைப்ரைட்டருக்கு லேஅவுட் போட்டுட்டார், கிழக்கு ஜெர்மனி ஆப்டிமா மெஷின்ல அது வந்துச்சு. 1988 டிசம்பர் 16, பங்களாதேஷ் வெற்றி நாள் அன்னிக்கு முஸ்தஃபா ஜப்பார் பிஜோய்ங்கிற கம்ப்யூட்டர் கீபோர்டை இறக்கினார். இந்தியாவுக்கு இன்ஸ்கிரிப்ட்னு அரசாங்கம் போட்ட லேஅவுட். உங்க அவ்ரோ 2003ல மெஹ்தி ஹசன் கான்னு ஒரு மெடிக்கல் ஸ்டூடண்ட் பண்ணினது. புதுசா எதுவும் கத்துக்க வேணாம், வாய்ல வர்றதை இங்கிலீஷ்ல அடிச்சா போதும்னு ஆனதும் மத்தது எல்லாம் பின்னாடி போயிடுச்சு.

இப்ப தமிழ்99 விஷயம். அதோட பெரிய சுகமே தானா விழற புள்ளிதான், க க அடிச்சா க்க, ந த அடிச்சா ந்த. இதை அப்படியே பெங்காலிக்குக் கொண்டு போனீங்கன்னா மாட்டிப்பீங்க. 'கிந்து'ன்னா ஆனால், அதுல நவும் தவும் ஒட்டிக்கிட்டு ஒரே கூட்டெழுத்தா நிக்கும். 'கின்தே'ன்னா வாங்குறதுக்கு, அதே ந அதே த, ஆனா ஒட்டாம தனித்தனியா எழுதணும். ஜான்தே, ஷுன்தே, ஆன்தேன்னு இந்த மாதிரி வினை வாக்கியத்துக்கு வாக்கியம் வரும், ஒவ்வொரு தடவையும் மெஷின் ஒட்டி வைக்க நீங்க பிரிச்சு விட, விளங்கிடும். ஒரே எழுத்து ரெண்டு தடவை வந்தா புள்ளிங்கிறதும் அப்படித்தான். சமையலுக்கு 'ரான்னா', அதுல சரியா வரும். ஆனா நாத்தனாருக்கு 'நொனோத்', ரெண்டு ந பக்கத்துல பக்கத்துல தனியா நிக்கும், அவங்களை ஒட்டி வச்சா வீட்ல உங்களுக்குத்தான் பிரச்சனை. அவ்ரோவுலயும் இதே கதைதான், ஒட்டக்கூடாதுன்னா நடுவுல ஒரு ஓ போட்டுப் பிரிக்கணும், உங்க கை ஓயறதுக்கு அது ஒரு காரணம்.

அதனால ஹசந்த், அதான் அவங்க புள்ளி, கையால அடிச்சே ஆகணும், நல்ல விரலுக்குக் கீழ இருந்தா போதும். பிஜோய்ல அது ஜி கீ, இன்ஸ்கிரிப்ட்ல டி கீ, தமிழ்99ல நம்ம புள்ளி எஃப் கீ. மூணுமே நடு வரிசைதான் பாத்தீங்களா.

பிஜோய் அது வரைக்கும் சரி, மத்த எழுத்துல சொதப்பல். 'கொரேன்'னு ஒரு சாதாரண வார்த்தை அடிச்சுப் பாருங்க, க ஜேல, அப்புறம் ஏகாரக் கொம்பு சி, ர வி, ந பி, மூணும் கீழ் வரிசையில இடது கைக்கே வருது, அதுல வியும் பியும் ஒரே விரல். ல வேற ஷிஃப்ட்ல உக்காந்திருக்கு.

என்னைக் கேட்டா பூஜ்யத்துலேர்ந்து ஆரம்பிக்காதீங்க, இன்ஸ்கிரிப்ட்டை எடுத்துக்குங்க. உயிர் இடது கை மெய் வலது கைங்கிறது தமிழ்99 மாதிரியே அதுலயும் பெரும்பாலும் இருக்கு, பெங்காலில அதிகமா வர்ற ர, க, த மூணும் வலது கை நடு வரிசையில ரெடியா இருக்கு. ஆனா அது எல்லா இந்திய மொழிக்கும் பொதுவா போட்டது, அதனால எங்க பாத்தாலும் வர்ற துணைக்கால் மேல் வரிசையில இங்கிலீஷ் ஈ கீல தொங்குது. அதை எஃப் கீக்கு இறக்கிட்டு அங்க இருக்கிற இகரக் கொக்கியை மேல ஏத்துங்க. கீழ வி கீல கிடக்கிற ந-வை எச் கீக்குக் கொண்டாந்து அங்க இருக்கிற ப-வைக் கீழ அனுப்புங்க. ரெண்டு மாத்தம்தான், வேற கம்ப்யூட்டர்ல சாதா இன்ஸ்கிரிப்ட்ல உக்காந்தாலும் ரொம்பத் தடுமாறாது.

தமிழ்99லேர்ந்து எடுத்துக்க வேண்டியது உயிர் ரூல். மெய்க்கு அப்புறம் உயிர் அடிச்சா அதோட குறி, அதான் கால், கொம்பு மாதிரி, வார்த்தை முதல்ல அடிச்சாலோ இன்னொரு குறிக்கு அப்புறம் அடிச்சாலோ முழு எழுத்து. சாதா இன்ஸ்கிரிப்ட்ல முழு உயிருக்கு ஷிஃப்ட் அடிக்கணும், இப்படி வச்சா 'பாஇ' மாதிரி ஆயிரம் வார்த்தை ஷிஃப்ட் தொடாம வந்துடும். புத்தகத்துக்கு 'பொஇ', மருமகளுக்கு 'பொஉ', இந்த மாதிரி குறியே இல்லாத மெய்க்கு அப்புறம் முழு உயிர் வர்றதுக்கு மட்டும் பழையபடி ஷிஃப்ட் அடிங்க. விண்டோஸோட சும்மா லேஅவுட் கிரியேட்டர்ல இந்த ரூல் எழுத முடியாது, கீமேன்னு ஒரு சாஃப்ட்வேர்ல முடியும், இலவசம்தான்.

எண் வரிசையை பெங்காலி எண்ணாவே விட்டுடுங்க, மாமியார் நோட்டுல அளவு எல்லாம் அதுலதான் இருக்கும்.