40 ஆயிரத்துக்குள்ள பழைய கிச்சனை நாமளே மாத்த முடியுமா?

1980கள்ல கட்டின வீடு, கடப்பா கல் மேடை, வெள்ளை டைல்ஸ் எல்லாம் மஞ்சளாயிடுச்சு, ரெடிமேட் பெட்டி பெட்டியா மாட்டுற மாடுலர் கிச்சனுக்கு ரெண்டரை லட்சம் கொட்டேஷன் குடுத்திருக்காங்க, கையில 40 ஆயிரம்தான் இருக்கு, நானே செஞ்சுக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. தாராளமா செஞ்சுக்கலாம். மதுரையில எங்க அம்மா வீட்டு கிச்சன் அச்சு அசல் இதே கதைதான், அதை வச்சே சொல்றேன். ஒரே ஒரு கண்டிஷன், எதையும் உடைக்கக் கூடாது.

ஏன்னா காசு போறது புதுசா வாங்குறதுல இல்ல, உடைக்கிறதுலதான். மேடையை எடுத்தா பின்னாடி சுவத்து டைல்ஸ் பேரும், டைல்ஸ் பேந்தா பூச்சு விழும், உள்ள ஓடுற பழைய ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) பைப்பு வெளிய தெரியும், துருப்பிடிச்சுக் கிடக்கிறதைப் பாத்துட்டு "இதையும் மாத்திடலாம் சார்"னு பிளம்பர் சொல்லுவாரு, அதுக்கப்புறம் மேஸ்திரி, சித்தாள், கட்டட இடிசலை அள்ளிட்டுப் போக ஒரு வண்டி, திரும்ப பெயிண்ட். கண்ணுக்கு எதுவும் அழகாகுறதுக்கு முன்னாடியே உங்க 40 ஆயிரம் காலி. சிங்க் இருக்கிற இடத்துலயே இருக்கட்டும், மேடை அப்படியே இருக்கட்டும்.

முதல்ல பரணைக் காலி பண்ணுங்க. சிரிக்காதீங்க, இடம் இல்லைங்கிற புகார்ல பாதி பரண்லதான் உக்காந்திருக்கு. கைப்பிடி போன குக்கர், காயில் போன மிக்ஸி, சீர் வரிசையில வந்து அட்டைப்பெட்டியே பிரிக்காத ஹாட்பேக். எல்லாத்தையும் மூட்டை கட்டி வெளிய அனுப்புங்க. பித்தளைப் பாத்திரத்தை மட்டும் அவசரப்பட்டு பழைய இரும்புக்காரர்கிட்ட எடை போடாதீங்க, பாத்திரக்கடையில ஒரு தடவை விலை கேட்டுட்டு குடுங்க.

அடுத்து வெளிச்சம். எங்கம்மா கேட்டதே இது ஒண்ணுதான், "வேற எதுவும் பண்ணலன்னாலும் பரவால்ல, நான் நறுக்குறது என் கண்ணுக்குத் தெரியணும்டா"ன்னாங்க. பழைய வீட்ல எல்லாம் ட்யூப் லைட் நமக்கு முதுகுப் பக்கம் சுவத்துல இருக்கும், மேடைகிட்ட நின்னா நம்ம நிழலே வெங்காயத்து மேல விழும். பரணுக்கு அடியில, மேடைக்கு நேர் மேல, ரெண்டடி எல்இடி பேட்டன் (ட்யூப் லைட் மாதிரி நீளமான லைட்டு) ஒண்ணோ ரெண்டோ மாட்டினா போதும், சில நூறு ரூபாய்தான் ஆகும். கிச்சனே பெருசானா மாதிரி இருக்கும். மொத்த வேலையில காசுக்கு இவ்வளவு பலன் குடுத்தது வேற எதுவும் இல்ல.

இப்ப மேடை. கடப்பா கல்லை ஏதோ ஏழை வீட்டுக் கல்லு மாதிரி நிறைய பேர் பேசுறாங்க, எனக்கு அதுல உடன்பாடே இல்ல. ஆனா அது என்ன கல்லுன்னு தெரிஞ்சுக்கணும். அது சுண்ணாம்புக்கல் வகை, கிரானைட் கிடையாது. அதனால புளித்தண்ணி, எலுமிச்சை, மோரு சிந்தி அப்படியே கிடந்தா அந்த இடம் வெளுத்துப் போயிடும், பாத்ரூம் ஆசிட்டை ஊத்தித் தேச்சா கேக்கவே வேணாம், நுரைச்சுக்கிட்டு கல்லையே தின்னுடும். சலவை சோடாவை சுடுதண்ணில கரைச்சு ஊத்தி பத்து நிமிஷம் ஊறவிட்டு, பழைய ஏடிஎம் கார்டு மாதிரி எதையாவது வச்சு வழிச்சு எடுங்க, வருஷக்கணக்கா படிஞ்ச எண்ணெய்ப் பிசுக்கு பழுப்பு நிறத்துல சுருண்டு வரும். கையில கிளவுஸ் போட்டுக்கோங்க. நல்லா காஞ்சதும் தேங்காய் எண்ணெயைத் துணியில தொட்டு மெலிசா தேச்சு விட்டா அந்தப் பழைய கருப்பு திரும்ப வரும். கல் ரொம்ப சொரசொரன்னு இருந்தா மட்டும் பாலிஷ் மெஷின்காரரைக் கூப்பிடுங்க, இல்லன்னா இருக்கிற கல்லு மேலயே கிரானைட்டை ஒட்டிக்கலாம். ஆனா அப்ப மேடை முக்கால் இஞ்ச்சு, ஒரு இஞ்ச்சு உயரும், சமைக்கிறவங்க முழங்கையை மடக்கி நின்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க. மேடை முழங்கைக்கு ஒரு நாலு இஞ்ச்சு கீழ இருந்தா தோள் வலிக்காது.

டைல்ஸ் விஷயத்துல ஒரு ரகசியம், பெரும்பாலும் டைல் மஞ்சளாகி இருக்காது, நடுவுல இருக்கிற சந்துதான் கருத்துப் போய் மொத்தத்தையும் அழுக்கா காட்டும். அந்தக் காலத்து ஆறுக்கு ஆறு வெள்ளை டைல்ஸை ஒட்டி ஒட்டி வச்சு ஒயிட் சிமெண்டைத்தான் பூசியிருப்பாங்க. ஆக்ஸா பிளேடை ரெண்டா உடைச்சு, ஒரு பக்கம் இன்சுலேஷன் டேப்பைச் சுத்திப் பிடிச்சுக்கிட்டு சந்தை ரெண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டுங்க. தூசியை பிரஷ்ஷால தட்டிட்டு சந்தை அடைக்கிற எபாக்ஸி கிரவுட்னு ஒரு பசையை ரொப்புங்க. இது ரெண்டு பொருளைக் கலக்குற சமாச்சாரம், கலந்துட்டா சீக்கிரம் இறுகிடும், அதனால கொஞ்சம் கொஞ்சமா கலந்து ஒரு கை அகலம் முடிச்சு, ஈர ஸ்பாஞ்சால டைல் மேல ஒட்டினதை உடனே துடைச்சிட்டு அடுத்ததுக்குப் போங்க. துடைக்காம விட்டா அது காலத்துக்கும் அங்கயே இருக்கும். அலுப்பு பிடிச்ச வேலைதான், பாட்டைப் போட்டு விட்டுட்டு உக்காருங்க. ஒயிட் சிமெண்டே போதாதான்னா அடுப்புக்குப் பின்னாடி அது மறுபடியும் எண்ணெயைக் குடிக்கும், எபாக்ஸி குடிக்காது. டைல்ஸுக்குப் பெயிண்ட் அடிக்கிற வீடியோ நிறைய சுத்துது, அடுப்புக்கு நேர் பின்னாடி மட்டும் அதை நம்பாதீங்க, சூட்டுக்கும் தேய்ப்புக்கும் உரிஞ்சு வந்துடும்.

மேடைக்கு அடியில ஏற்கெனவே செங்கல் தடுப்பும் கடப்பா அலமாரியும் இருக்கு இல்லையா, மாடுலர்ல பெட்டிக்குத்தான் பெரிய காசு, அந்தப் பெட்டி உங்ககிட்ட ஓசியில நிக்குது. கதவு மட்டும் போட்டா போதும். அலுமினியம் பிரேம்ல பிவிசி ஷீட்டோ ஏசிபி ஷீட்டோ (ரெண்டு அலுமினியத் தகடுக்கு நடுவுல பிளாஸ்டிக் வச்சது) வச்சு எந்த ஊர்லயும் செஞ்சு குடுக்கிறாங்க, தண்ணி பட்டா ஊதாது, கரையான் வராது. விலை குறைவுன்னு பார்ட்டிகிள் போர்டு பக்கம் போகவே போகாதீங்க, சிங்க்குக்கு அடியில ஒரு மழைக்காலம் தாங்காது. மரம்தான் வேணும்னா ஐஎஸ் 710 முத்திரை இருக்கிற, தண்ணி தாங்குற மரைன் பிளைவுட் கேளுங்க, பட்ஜெட் இடிக்கும். உள்ள எஸ்எஸ் கூடை மாட்டுறது நீங்களே பண்ணலாம், ஆனா பழைய செங்கல் சுவர் ரெண்டும் இணையா இருக்கவே இருக்காது, முன்னாடி 20 இஞ்ச்சு காட்டும், பின்னாடி பத்தொன்பதே முக்கால்தான் இருக்கும். முன்னாடி, நடுவுல, பின்னாடின்னு அளந்து எது கம்மியோ அதுக்கு வாங்கிட்டு, மிச்ச இடைவெளிக்கு பிளைவுட் துண்டைச் செருகி சேனலை (கூடை உள்ள போய் வர்ற தண்டவாளத்தை) முடுக்குங்க. அளக்காம வாங்கினா கூடை பாதி வழியில நின்னுக்கும்.

டைல்ஸ்ல ஓட்டை போடுறப்ப அந்த இடத்துல மாஸ்கிங் டேப் ஒட்டிட்டு, டிரில்ல ஹேமர் மோடை ஆஃப் பண்ணிட்டு மெதுவா ஆரம்பிங்க, டைல் தாண்டின அப்புறம் ஹேமர் போட்டுக்கலாம். தரை சிவப்பு ரெட் ஆக்ஸைடா இருந்தா கும்பிட்டு விட்டுடுங்க, இன்னிக்கு அதைப் போடத் தெரிஞ்ச கொத்தனார் கிடைக்கிறதே கஷ்டம். சுவத்துல ஈரக் கையை வச்சுத் தேச்சா வெள்ளையா ஒட்டுச்சுன்னா அது சுண்ணாம்பு, அது மேல நேரா எமல்ஷன் அடிச்சா அப்பளம் மாதிரி உரியும். பட்டி பிளேடால சுரண்டி பிரைமர் அடிச்சுட்டுத்தான் பெயிண்ட்.

நீங்க கை வைக்கக் கூடாததும் இருக்கு. மிக்ஸிக்குன்னு போட்ட பழைய 5 ஆம்ப் பிளக்ல 2000 வாட் இண்டக்‌ஷனைச் செருகாதீங்க, அது கிட்டத்தட்ட 9 ஆம்ப் இழுக்கும். எலக்ட்ரீஷியனை வச்சு 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயர் இழுத்து தனியா 16 ஆம்ப் பாயிண்ட், அப்படியே கரண்ட் கசிஞ்சா தானா ஆஃப் ஆகுற 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி சுவிட்சும். இதுக்கு மட்டும் பேரம் பேசாதீங்க. சிலிண்டர் வைக்கிற இடத்துக்குக் கதவு போட்டா கீழ்ப்பக்கம் காத்து போற மாதிரி ஓட்டை ஓட்டையா ஜாலி விடணும், எல்பிஜி காத்தை விட கனம், கசிஞ்சா தரையோடதான் தேங்கும். சிலிண்டர்ல இருந்து அடுப்புக்குப் போற சுரக்ஷா டியூப்ல இருக்கிற தேதியைப் பாருங்க, 5 வருஷம் தாண்டியிருந்தா மாத்திடுங்க. சிங்க் குழாயை ஸ்வான் நெக்கா (கழுத்து வளைஞ்ச குழாயா) மாத்துறது சின்ன வேலைதான், டெஃப்லான் டேப் சுத்தி முடுக்கினா முடிஞ்சுது, ஆனா ஜிஐ பைப்புல பழைய குழாய் அசைய மறுத்தா மல்லுக்கட்டாதீங்க. பக்கத்து வீட்ல அப்படித்தான் சுவத்துக்குள்ள எல்போ உடைஞ்சு மொட்டைமாடி டேங்க்கே காலியாச்சு.

சிம்னி பத்தியும் கேட்டிருந்தீங்க. டக்ட், அதாவது புகைக்குழாய், வெளிய போக வழி இல்லன்னா வாங்காதீங்க, நம்ம தாளிப்புக்கு கார்பன் ஃபில்டர் சிம்னி வெறும் சத்தம்தான். அடுப்புப் பக்கத்து ஜன்னல்ல 9 இஞ்ச்சு மெட்டல் எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்க, பிளாஸ்டிக்கை விட கழுவ சுலபம்.

எப்ப ஆரம்பிக்கலாம்னா, ஆடியில ஆரம்பிங்க. புதுசா யாரும் வேலை தொடங்க மாட்டாங்க, எலக்ட்ரீஷியனும் அலுமினியக்காரரும் போன் பண்ணின உடனே வருவாங்க, எக்ஸாஸ்ட் ஃபேனும் தள்ளுபடியில கிடைக்கும். தள்ளிப்போட்டு தீபாவளி நெருக்கத்துல ஆரம்பிச்சா ஆளும் கிடைக்காது, ஐப்பசி மழையில பெயிண்ட்டும் காயாது.