விதரா, வென்ஸா?

கேள்வி: பழைய ஆங்கில நாடகம், பைபிள் எதை எடுத்தாலும் ஹிதர், திதர், விதர் என்றும் ஹென்ஸ், தென்ஸ், வென்ஸ் என்றும் வந்துகொண்டே இருக்கிறது. எல்லாம் காதுக்கு ஒன்றாகவே கேட்கிறது, எப்படிப் பிரித்துப் புரிந்துகொள்வது? அப்புறம், வேர்ஃபோர் என்றால் 'எங்கே' என்றுதானே அர்த்தம்?

பதில்: தமிழ் தெரிந்தவருக்கு இதில் பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது. இங்கே, அங்கே, எங்கே என்று நாம் முதலெழுத்தை மட்டும் மாற்றிப் பேசுகிறோம் இல்லையா, அந்த இ, அ, எ செய்கிற வேலையைத்தான் ஆங்கிலத்தில் ஹ, த, வ செய்கின்றன. ஹியர், தேர், வேர் என்று சொல்லிப் பாருங்கள், பிடிபட்டுவிடும். மிச்சம் வாலில் இருக்கிறது. 'தர்' என்று முடிந்தால் போகிற திசை, 'என்ஸ்' என்று முடிந்தால் புறப்பட்ட இடம். விதர் என்று ஒருவர் கேட்டால் போகிற ஊரைச் சொல்லுங்கள், வென்ஸ் என்று கேட்டால் வந்த ஊரைச் சொல்லுங்கள்.

வென்ஸ் என்றாலே 'எங்கிருந்து', ஆகவே அதற்கு முன்னால் ஃப்ரம் போடக்கூடாது என்று இலக்கணக்காரர்கள் கண்டிப்பாகச் சொல்வார்கள். ஆனால் 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில், 121ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்திலேயே 'ஃப்ரம் வென்ஸ்' இருக்கிறது! எங்கிருந்திலிருந்து என்பது மாதிரிதான், இருந்தாலும் இதற்கெல்லாம் நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

இந்த ஆறில் இன்றும் தெம்பாகப் புழங்குவது ஹென்ஸ் மட்டுமே, அதுவும் வேறு வேலைக்கு மாறிவிட்டது. 'இங்கிருந்து' என்ற பொருள் 'இதிலிருந்து' ஆகி, அப்படியே 'ஆகையால்' என்று நகர்ந்துவிட்டது.

சரி, வேர்ஃபோர். அதற்கு எங்கே என்று அர்த்தமே கிடையாது, 'ஏன், எதற்காக' என்று அர்த்தம். தேர்ஃபோர் என்றால் 'அதனால்' என்று எல்லோருக்கும் தெரியும், அதன் கேள்வி வடிவம்தான் இது. ஷேக்ஸ்பியரின் ஜூலியட் மாடத்தில் நின்று 'வேர்ஃபோர் ஆர்ட் தௌ ரோமியோ' என்று சொல்லும்போது, கண்ணுக்கு மேல் கையை வைத்து இருட்டில் அவனைத் தேடுவதுபோல நடிப்பவர்கள் உண்டு. பாவம், அவன் கீழே தோட்டத்தில் நின்று ஒட்டுக் கேட்டுக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியவே தெரியாது. அவள் தேடவில்லை, நொந்துகொள்கிறாள்: போயும் போயும் பகையாளி வீட்டுப் பிள்ளையான ரோமியோவாக நீ ஏன் இருக்க வேண்டும்? அதனால்தான் அடுத்த வரியிலேயே, அப்பனை மறுத்துவிடு, பேரையும் உதறிவிடு என்கிறாள்.