லேபிளை வெட்டிவிட்டுப் பாருங்கள்: உடை பற்றி வாசகர் கேள்விகள்

பிராண்டு உடைகளைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதுதான் தாமதம், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். வம்புக் கேள்விகளை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன்.

கே: எங்கே போனாலும் அதே டீ-ஷர்ட், அதே ஜீன்ஸ். 'தனி அடையாளம் உள்ள பிராண்டு' என்பதெல்லாம் விளம்பரக்காரர்கள் கட்டிவிடும் கதைதானே?

பாதி கதைதான், ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதியைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. லேபிளையும் லோகோவையும் மனதுக்குள் வெட்டி எறிந்துவிட்டு, இது யார் செய்தது என்று அப்போதும் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். லக்கோஸ்ட் பிராண்டு என்றால் எல்லோருக்கும் அதன் முதலை லோகோதான் ஞாபகம் வரும். ஆனால் 1933-இல் பிரெஞ்சு டென்னிஸ் வீரர் ரெனே லக்கோஸ்ட் அந்தச் சட்டையை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அதில் புதுமை முதலை மட்டும் இல்லை. அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் முழுக்கைச் சட்டையும் விறைப்பான காலருமாக வேர்த்து விறுவிறுத்து ஓடிக்கொண்டிருந்தார்கள். இவர் காற்று உள்ளே போய்வருகிற மாதிரி பின்னிய பருத்தித் துணியில், அரைக்கையோடு, மெத்தென்ற காலர் வைத்து ஒரு சட்டை செய்தார். இன்று உலகத்தில் பாதிப் பேர் போடுகிற போலோ டீ-ஷர்ட்டின் சாயல் அதில் இருக்கிறது, முதலை இல்லாமலே.

மழைக்கோட்டுக்குப் பேர்போன பிரிட்டனின் பர்பெரியும் அப்படித்தான். நெய்த பிறகு துணியின் மேல் எதையாவது பூசி மழையைத் தடுக்காமல், நெய்வதற்கு முன்பே நூலுக்கு நீர்காப்புப் பதம் கொடுத்த கேபர்டீன் துணியை 1879-இல் உருவாக்கியதுதான் அந்த நிறுவனத்தின் சாதனை. பிரபலமான அந்தக் கட்டம் போட்ட துணி 1920-களில் கோட்டின் உள்பக்கத்து லைனிங்காகத்தான் வந்தது. உள்ளே இருந்ததை வெளியே கொண்டுவந்து தொப்பியில் இருந்து கைப்பை வரை போட்ட பிறகு, போலிகளும் அதே வேகத்தில் வந்தன. கட்டத்தை யாரும் அச்சடித்துவிடலாம், துணியைச் செய்வதுதான் கஷ்டம்.

இதற்கு நேர் எதிராக ஒரு வேடிக்கையும் உண்டு. 1988-இல் தொடங்கிய மேசான் மார்ஜியெலா என்ற ஃபேஷன் பிராண்டு, பெயரே இல்லாத வெள்ளை லேபிளை நான்கு மூலைகளிலும் வெள்ளை நூலால் தைத்து வைத்தது. பெயரைப் பார்த்து வாங்காதீர்கள் என்பது எண்ணம். கடைசியில் என்ன ஆயிற்று? முதுகில் வெளியே தெரிகிற அந்த நான்கு தையல்களே மற்றவர்களுக்குக் காட்ட வேண்டிய அடையாளமாகிவிட்டன.

கே: லோகோ பெரிதாக இருந்தால் தரமும் அதிகமா?

நூல் அதிகம். அவ்வளவுதான்.

கே: 'நீங்கள் ஒன்று வாங்கினால், இல்லாதவருக்கு ஒன்று கொடுப்போம்' என்கிற பிராண்டுகளை நம்பலாமா? வாங்கும்போது மனதுக்கு நிறைவாக இருக்கிறது, பிறகு ஒரு சந்தேகமும் வருகிறது.

அந்தச் சந்தேகம் நல்ல சந்தேகம், விட்டுவிடாதீர்கள். இந்த வழிமுறையை ஊரறியச் செய்தது டாம்ஸ் காலணி நிறுவனம். பிளேக் மைகோஸ்கி என்ற அமெரிக்கர், அர்ஜென்டினாவில் பார்த்த அல்பர்காட்டா என்ற துணிச் செருப்பை மாதிரியாக வைத்து 2006-இல் ஆரம்பித்தார். ஒரு ஜோடி விற்றால் ஒரு ஜோடி ஒரு ஏழைக் குழந்தைக்கு. கேட்டவுடன் புரிகிறது, கணக்குப் போடத் தேவையில்லை, அதனால்தான் அது அப்படிப் பரவியது.

அப்புறம் கேள்விகள் வந்தன. இலவசமாகக் காலணி வந்து இறங்கினால் உள்ளூரில் செருப்பு தைக்கிறவர் என்ன செய்வார்? காலணி இல்லாததா அந்தக் குழந்தையின் முதல் பிரச்சினை? நிறுவனத்தின் ஒத்துழைப்போடு பொருளாதார ஆய்வாளர்கள் எல் சால்வடோரில் பார்த்தபோது, குழந்தைகள் காலணியை விரும்பிப் போட்டார்கள் என்பது உண்மைதான், ஆனால் அவர்களுடைய உடல்நலத்திலோ தன்னம்பிக்கையிலோ பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. தங்கள் குடும்பத்தின் தேவைகளை வெளியார்தான் கவனிக்க வேண்டும் என்று சொன்ன குழந்தைகள், காலணி பெற்றவர்களிடையே கொஞ்சம் அதிகமாகவும் இருந்தார்கள். 2019-இல் டாம்ஸ் 'ஒன்றுக்கு ஒன்று' வழியை விட்டு, லாபத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கொடுப்பது என்று மாறியது. அதே ஆண்டின் கடைசியில் நிறுவனமே கடன் கொடுத்தவர்கள் கைக்குப் போனது வேறு கதை.

நீங்கள் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று: எதில் பங்கு? 'லாபத்தில் இத்தனை சதவீதம்' என்றால் நஷ்டம் வந்த வருடம் தானமும் பூஜ்யம். அது மட்டுமில்லை, லாபம் என்பது கணக்குப் புத்தகத்தில் கூட்டவும் குறைக்கவும் கொஞ்சம் இடம் கொடுக்கிற எண். 'விற்பனையில் இத்தனை சதவீதம்' என்றால் லாபமோ நஷ்டமோ கொடுத்தாக வேண்டும். பார்க்க 1 சதவீதம் என்று அற்பமாகத் தெரிந்தாலும் விற்பனையில் 1 சதவீதம் என்பது கனமான வாக்கு. 'ஒரு பகுதி நற்பணிக்கு' என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த வரியே இல்லை என்று வைத்துக்கொண்டு, உடை பிடித்திருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

எனக்குப் பிடித்த உதாரணம் எல்விஸ் அண்ட் கிரெஸ். லண்டன் தீயணைப்புத் துறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் குழாய்களை எடுத்துக் கைப்பையும் பெல்ட்டுமாகச் செய்கிறார்கள், 2005-இல் தொடங்கியது. அந்தக் குழாய்ப் பொருள்களில் கிடைக்கும் லாபத்தில் பாதி தீயணைப்பு வீரர்களுக்கான அறக்கட்டளைக்குப் போகிறது. நான் மேலே குறை சொன்ன அதே 'லாபத்தில் பங்கு' முறைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எவ்வளவு, யாருக்கு என்பது தெளிவாக இருக்கிறது, குழாய் எங்கிருந்து வந்ததோ அந்தத் தொழிலாளர்களுக்கே பணமும் திரும்பிப் போகிறது. பையைப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

கே: அமெரிக்க உடை நிறுவனமான படகோனியா 'இந்த ஜாக்கெட்டை வாங்காதீர்கள்' என்று விளம்பரம் செய்ததாமே. வாங்காதே என்று சொல்லி விற்கிற தந்திரம்தானே அது?

தந்திரமும்தான். 2011 நவம்பர் 25, அமெரிக்காவில் வருடத்திலேயே கடைகள் அதிகம் விற்கிற நாள்களில் ஒன்று, அன்றைக்கு நியூயார்க் டைம்ஸில் முழுப்பக்க விளம்பரம். ஒரு ஜாக்கெட்டின் படம், கீழே அதைச் செய்ய 135 லிட்டர் தண்ணீர் ஆகிறது, துணியின் எடையைப்போல் 24 மடங்கு கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது என்ற விவரம். அதற்குப் பிறகும் விற்பனை ஏறித்தான் இருக்கிறது. சிரிப்பு வரத்தான் செய்யும்.

ஆனால் ஒரு விளம்பரத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாமல், கைக்காசு போகிற இடங்களில் அவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் படம் மாறுகிறது. 1985-இல் இருந்து விற்பனையில் 1 சதவீதத்தைச் சுற்றுச்சூழல் பணிகளுக்குக் கொடுக்கிறார்கள். 1996-இல் பருத்தி உடைகள் அத்தனையையும் இயற்கை முறைப் பருத்திக்கு மாற்றினார்கள், அப்போது அப்படிப்பட்ட பருத்தி கிடைப்பதே குதிரைக்கொம்பு. கிழிந்ததைத் தைத்துக் கொடுக்கப் பெரிய பழுதுபார்ப்புக் கூடம் வைத்திருக்கிறார்கள், பழைய உடைகளைத் திரும்ப வாங்கி மறுபடி விற்கிறார்கள். 2022-இல் நிறுவனர் இவான் ஷுவினார்ட் குடும்பம் நிறுவனத்தையே கைமாற்றிவிட்டது: வாக்குரிமை உள்ள பங்குகள், மொத்தத்தில் 2 சதவீதம், ஓர் அறக்கட்டளைக்கு, வாக்குரிமை இல்லாத மீதி 98 சதவீதம் சூழல் பாதுகாப்புக்கான ஓர் அமைப்புக்கு.

குறையே இல்லையா என்றால் இருக்கிறது. அவர்களுடைய பேர்போன, கம்பளி மாதிரி மெத்தென்ற ஃப்ளீஸ் துணி பாலியெஸ்டர், துவைக்கும்போது கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழைகள் தண்ணீரோடு போகின்றன. அதைப் பற்றிய ஆய்வு ஒன்றுக்கு அவர்களே ஆதரவு கொடுத்தார்கள். அதற்காகப் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

கே: விண்டேஜ், ரெட்ரோ இரண்டும் ஒன்றுதானா?

பொதுவாக 20 வருடம் தாண்டிய, நிஜமாகவே அந்தக் காலத்தில் தைத்த உடையை விண்டேஜ் என்கிறார்கள். இன்று தைத்து அன்றைய தோற்றம் கொடுத்தால் ரெட்ரோ. ரெட்ரோவை விண்டேஜ் என்று சொல்லி விற்றால் அதற்குப் பெயர் வேறு.

கே: பழைய லீவைஸ் ஜீன்ஸ் ஒன்று, சிவப்புப் பட்டியில் உள்ள பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்து 'ஈ' (E) இருக்கிறது, 1971-க்கு முந்தையது என்கிறார் விற்பவர். நிஜமா?

இருக்கலாம், ஆனால் அந்த ஓர் எழுத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள். பின்பாக்கெட்டில் சிவப்புப் பட்டி 1936-இல் வந்தது, 1971-இல் அதிலுள்ள பெயரில் 'ஈ' சின்ன எழுத்துக்கு மாறியது, இதெல்லாம் சரி. சிக்கல் என்னவென்றால் லீவைஸே தன் பழைய மாதிரிகளை மறுபடி தைத்து விற்கிறது, அதில் பெரிய 'ஈ'தான் இருக்கும். ஆக அந்த எழுத்து சின்னதாக இருந்தால் 1971-க்கு முந்தையது என்ற பேச்சு பெரும்பாலும் எடுபடாது, பெரிதாக இருப்பதால் மட்டும் எதுவும் உறுதியாகாது.

உள்ளே பாருங்கள். துவைக்கும் முறை சொல்லும் துணி லேபிள் தைத்திருக்கிறதா? அமெரிக்காவில் அந்த லேபிள் கட்டாயமானது 1972-இல். அது இருந்தால் விற்பவரின் கதையில் பெரிய ஓட்டை. பின்பாக்கெட்டின் மூலைகளைத் தடவிப் பாருங்கள். அங்கிருந்த செம்பு ரிவெட்டுகள் (துணியை இறுக்கிப் பிடிக்கும் குமிழ் ஆணிகள்) நாற்காலியையும் குதிரைச் சேணத்தையும் கீறுகின்றன என்று புகார் வந்து, 1937-இல் அவற்றைத் துணிக்கு உள்ளே மறைத்தார்கள், 1960-களின் நடுவில் எடுத்தே விட்டார்கள். பட்டனின் பின்பக்கம், தையல் நூலின் நிறம், பக்கவாட்டுத் தையலின் ஓரம் எல்லாம் ஒரே காலத்தைச் சொல்ல வேண்டும். ஒன்று மட்டும் முரண்டு பிடித்தால் விலை பேசுவதை நிறுத்திவிட்டு நிதானமாக யோசியுங்கள்.

கே: ஜீன்ஸ் அமெரிக்கச் சரக்கு. ஜப்பான் ஜீன்ஸுக்கு ஏன் இவ்வளவு மவுசு? செல்வெட்ஜ் என்றால் நிறைய நாள் உழைக்குமா?

நூலைச் சுமந்து இங்கும் அங்கும் ஓடும் நாடா உள்ள பழைய தறியில், குறுக்கே போகும் ஊடை நூல் அறுபடாமல் போய்த் திரும்பி வருவதால் துணியின் ஓரம் தானாகவே கட்டிக்கொள்ளும், பிரியாது. அந்த ஓரம்தான் செல்வெட்ஜ். வேகமான, அகலமான நாடா இல்லாத தறிகள் வந்ததும் அமெரிக்க ஆலைகள் பழையவற்றை ஓரங்கட்டின. ஜப்பானில் ஒசாகா பக்கத்து இளைஞர்கள் சிலர் 1940, 50-களின் அமெரிக்க ஜீன்ஸைப் பிரித்து மேய்ந்து, நூலின் முறுக்கு, சாயம், நெசவு எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவரப் பார்த்தார்கள். ஸ்டூடியோ டார்டிசான், டெனீம் (Denime), எவிசு, ஃபுல்கவுண்ட், வேர்ஹவுஸ் என்ற ஐந்து பிராண்டுகளை 'ஒசாகா ஐவர்' என்றே சொல்வார்கள். அமெரிக்காவில் இருந்து தூக்கிவந்த தறிகளில் நெய்தார்கள் என்று ஒரு கதை உலவுகிறது, ஆனால் அந்தத் தறிகளில் பெரும்பாலானவை ஜப்பானிலேயே செய்த டொயோடா தறிகள். ஆமாம், இன்று கார் செய்கிறார்களே, அந்தக் குடும்பம் தறியில்தான் ஆரம்பித்தது. அமெரிக்காவில் செல்வெட்ஜுக்குப் பேர்போன கோன் மில்ஸின் வைட் ஓக் ஆலை 2017 கடைசியில் மூடப்பட்டது.

உழைக்குமா என்றால், செல்வெட்ஜ் என்பதற்காக மட்டும் உழைக்காது. அது ஓரம், அவ்வளவுதான். நூல் நன்றாக இருந்து துணியும் கனமாக இருந்தால் உழைக்கும். பழைய தறியின் மெதுவான ஓட்டத்தால் துணியில் வரும் மேடுபள்ளமும், நீளவாக்கில் ஓடும் பாவு நூலில் நீலம் உள்வரை ஏறாததால் போடப்போட விழும் வெளுப்பும்தான் ரசிகர்களை இழுக்கின்றன. அது பிடித்திருந்தால் வாங்குங்கள், உழைப்புக்காக என்றால் வேறு நல்ல ஜீன்ஸும் போதும்.

கே: பழைய டிசைனையே திரும்பத் திரும்பக் கொண்டுவருகிறார்களே, கற்பனை வறட்சியா?

சிலருக்கு, ஆமாம். பழைய லோகோவைத் தேடி எடுத்து, மங்கலாக அச்சடித்து, வருடத்தைப் போட்டு விற்பதைப் புதுப்பித்தல் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஆனால் சில பொருள்களில் பழைய வடிவத்துக்கு ஒரு காரணம் இருந்தது, அந்தக் காரணம் இன்றும் செல்லுபடியாகிறது. சாதாரண ஸ்வெட்ஷர்ட் துவைத்தால் நீளத்தில் சுருங்குகிறது என்பதால், சாம்பியன் நிறுவனத்தின் ரிவர்ஸ் வீவ் ஸ்வெட்ஷர்ட்டில் துணியைக் குறுக்காகத் திருப்பி வெட்டினார்கள், உடம்பு அசையப் பக்கவாட்டில் தனித் துண்டு வைத்தார்கள். 1938-இலும் 1952-இலும் காப்புரிமை வாங்கிய யோசனை, இன்றைக்கும் வேலை செய்கிறது. பார்பர் நிறுவனத்தின் மெழுகு பூசிய ஜாக்கெட்டும் அப்படி, மெழுகு போனால் திரும்பப் பூசிக்கொள்ளலாம். கான்வர்ஸ் 2013-இல் விட்ட சக் 70 காலணியில் பழைய மாதிரியின் கனத்த கான்வாஸையும் உயரமான ரப்பர் ஓரத்தையும் திரும்பக் கொண்டுவந்து, உள்ளே மட்டும் மெத்தையை மாற்றினார்கள். பழசில் நன்றாக இருந்ததை வைத்துக்கொண்டு, காலைக் கடித்ததை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். நியூயார்க்கில் 2016-இல் தொடங்கிய போடி (Bode) என்ற பிராண்டு இன்னொரு வழியில் போகிறது, பழைய போர்வை, மேஜை விரிப்புத் துணிகளையே வெட்டிச் சட்டை தைக்கிறார்கள். ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது.

கே: நானும் தோழியும் சின்னதாக ஓர் உடை பிராண்டு தொடங்குகிறோம். '5 சதவீதம் கல்விக்கு' என்று லேபிளில் போட ஆசை. போடலாமா?

போடுங்கள், ஆனால் அந்த வரியை முழுதாக எழுதுங்கள். விற்பனையில் 5 சதவீதமா, லாபத்திலா? எந்த அமைப்புக்கு? வருடத்துக்கு ஒருமுறையா, மூன்று மாதத்துக்கு ஒருமுறையா? கொடுத்த தொகையை, சதவீதமாக இல்லாமல் பணமாக, ரசீதோடு வெளியிடுங்கள். சின்னத் தொகையாக இருந்தால் கூச்சப்பட வேண்டாம். மொட்டையாகப் பச்சை, இயற்கை என்று எழுதுவதற்கு எதிராக ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் சட்டமே கொண்டுவந்துவிட்டது, நாளைக்கு அங்கே விற்க நினைத்தால் அது உங்களுக்கும் பொருந்தும். இயற்கைப் பருத்தி என்று சொல்லப்போகிறீர்கள் என்றால் சான்றிதழின் விதிகளையும் படியுங்கள், இயற்கை முறைத் துணிகளுக்கான காட்ஸ் (GOTS) முத்திரையில் 'ஆர்கானிக்' என்று முழுதாகப் போட இழையில் 95 சதவீதமாவது அப்படி இருக்க வேண்டும், 70 சதவீதம் என்றால் 'இத்தனை சதவீதம் கலந்தது' என்றுதான் போட முடியும்.

அப்புறம் இன்னொன்று. தானம் செய்கிறோம் என்பதற்காக முதல் தடவை வாங்குவார்கள், இரண்டாவது தடவை வருவது தையலுக்காக. அக்குள் தையல் விட்டுப்போகாமல் இருக்கிறதா, சாயம் மற்ற துணியில் ஏறுகிறதா என்று நீங்கள் இருவரும் போட்டுத் துவைத்துப் பார்த்த பிறகு லேபிளுக்கு ஆர்டர் கொடுங்கள்.