பட்டியலில் 27 பொருள்கள், கையில் ஒரே நாள்

கேள்வி: சில வருடங்களாக வீட்டில் வாட்டர்கலர் வரைகிறேன். அடுத்த மாதம் ஒருநாள் மிக்ஸட் மீடியா (பல வகைக் கலர்களையும் ஒட்டுப் படங்களையும் ஒரே படத்தில் சேர்ப்பது) பட்டறையில் சேர்ந்திருக்கிறேன். 27 பொருள்கள் கொண்ட பட்டியல் அனுப்பி, எல்லாம் அடங்கிய 'கிட்' தங்களிடமே கிடைக்கும் என்கிறார்கள். வாங்கலாமா? வேறு எப்படித் தயாராவது?

பதில்: கிட் வேண்டாம். முதலில் அவர்களைக் கேளுங்கள்: இந்த 27-இல் அன்றைக்குக் கையில் எடுக்கப்போவது எவை? ஒரு நாள் என்பது அறிமுகம், சாப்பாடு, போட்டோ எல்லாம் போக நாலைந்து மணி நேரம். அதற்குள் பத்துப் பொருளைத் தொட்டாலே அதிகம். பட்டியல் போடுகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை. போன தடவை அனுப்பியதையே தேதி மாற்றி அனுப்புவார்கள். அதிலும் 'அக்ரிலிக் 1 செட், பிரஷ் 1 செட்' என்று இருக்கும். டாக்டர் சீட்டில் 'மாத்திரை' என்று மட்டும் எழுதித் தருகிற மாதிரி!

கிட்டில் பெரும்பாலும் 24 குட்டி அக்ரிலிக் பெயின்ட் ட்யூப்கள் இருக்கும். நிறம் தரும் நிறமி கொஞ்சம், அளவைக் கூட்டச் சேர்க்கும் நிரப்பி நிறைய. மூன்று முறை பூசினாலும் அடியில் இருப்பது தெரியும். ஒருமுறை எனக்குக் கிடைத்த கிட்டில் 'ஜெஸ்ஸோ' (கலர் பிடிக்கத் தாளில் முதலில் பூசும் வெள்ளைப் பூச்சு) என்று எழுதிய பாட்டிலில் இருந்தது சுவருக்கு அடிக்கிற ப்ரைமர். விற்றவருக்கு நல்ல கமிஷன் என்று பிறகு தெரிந்தது. கிட்டுக்குப் பதில் தனித்தனி ட்யூபாக வாங்குங்கள்: டைட்டானியம் வெள்ளை பெரிய ட்யூபாக ஒன்று, அப்புறம் அல்ட்ராமரைன் நீலம், ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு, பர்ன்ட் அம்பர் என்ற அடர் பழுப்பு. ஐந்து போதும். பெயரோடு 'ஹ்யூ' என்று ஒட்டியிருந்தால் அசல் நிறமி இல்லை, அதன் சாயலில் மாற்று நிறமி என்று பொருள். அல்ட்ராமரைன் ட்யூபில் 'பிபி29' (PB29) என்ற நிறமிக் குறியீடு இருக்கிறதா பாருங்கள்.

தாள் உங்களிடமே இருக்கும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) வாட்டர்கலர் தாள் நன்றாகத் தாங்கும். முதல் நாள் இரவே முன்பக்கம் ஜெஸ்ஸோ பூசிக் காயவிட்டு, பின்பக்கமும் ஒரு தடவை பூசிவிடுங்கள், சுருளாது. மற்றவர்கள் ஜெஸ்ஸோ காயக் காத்திருக்கும் நேரத்தில் நீங்கள் வேலையைத் தொடங்கியிருப்பீர்கள்.

ஒட்டுவதற்குப் படங்கள் எடுத்துப்போவதாக இருந்தால் இன்க்ஜெட் பிரிண்ட் வேண்டாம், ஈரம் பட்டால் மை கரையும். லேசர் பிரிண்ட் அல்லது ஜெராக்ஸ் எடுங்கள். குச்சிப் பசையில் ஓரம் எழும்பும். அக்ரிலிக் மீடியத்தை (நிறமி சேர்க்காத அக்ரிலிக்) படத்தின் கீழேயும் மேலேயும் பூசி ஒட்டுங்கள்.

ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசும் அடுக்குகளுக்கு ஒரே விதி: தண்ணீர் வகை கீழே, எண்ணெய் வகை மேலே. ஆயில் பேஸ்டல் (எண்ணெயும் மெழுகும் கலந்த கலர் குச்சி) மேல் அக்ரிலிக் பூசினால் பிடிக்காது, உரிந்து வரும். சரி, வாட்டர்கலரில் பேஸ்டல் கோட்டின் மேல் கலர் பூசுவோமே என்று கேட்பீர்கள். பூசலாம். அங்கே கலர் கோட்டில் ஒட்டாமல் விலகி ஓடுவதுதான் நமக்கு வேண்டும். அது ஒட்டுவது கோட்டின் மேல் அல்ல, பக்கத்தில் வெறுமையாக இருக்கும் தாளில். தாள் முழுக்கப் பேஸ்டலைத் தேய்த்துவிட்டால் அந்த வித்தையும் நடக்காது. ஆக, கோடாக இருக்கும்வரை, கலர் நீர்த்திருக்கும்வரை மட்டும் விதியை மீறலாம். பட்டறையில் இதை அரை வாக்கியத்தில் சொல்லிக் கடந்துவிடுவார்கள், வீட்டுக்கு வந்து உரியும்போதுதான் புரியும்.

அவசரத்தில் ஹேர் டிரையரை ஒரே இடத்தில் காட்டாதீர்கள். தடித்த பூச்சில் மேலே தோல் கட்டும், உள்ளே ஈரம் இருக்கும். முடிந்த படங்களை முகத்தோடு முகம் வைத்து அடுக்கவும் கூடாது. தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும் அக்ரிலிக், அழுத்தம் பட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நடுவில் கேக் சுடும்போது தட்டில் விரிக்கிற சிலிகான் தாளை வையுங்கள்.

உங்கள் நல்ல வாட்டர்கலர் பிரஷ்கள் வீட்டிலேயே இருக்கட்டும். அக்ரிலிக் ஒருமுறை பிரஷ் முடியின் வேரில் காய்ந்தால் அந்த பிரஷ் பழையபடி வராது. மலிவான தட்டை பிரஷ் இரண்டு, ஒரு பழைய துணி, தண்ணீருக்கு இரண்டு டப்பா கொண்டுபோங்கள்.