பட்டன் தட்டுகிற வேலையா இது?

வணக்கம் அம்மா,

“முதுநிலை வேதியியல் முடித்தவள், ஒரு மெஷின் முன்னால் உட்கார்ந்து பட்டன் தட்டப் போகிறாளா?” என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். நியாயமான கவலைதான். அப்படியே தட்டிக்கொண்டு இருந்துவிடுகிறவர்களும் உண்டு, அதே மெஷினை வைத்துப் பெரிய பொறுப்புக்குப் போனவர்களும் உண்டு. இது பாதி உங்கள் மகளைப் பொறுத்தது, பாதி அவள் சேருகிற இடத்தைப் பொறுத்தது.

முதலில் அந்த மெஷின் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒரு கலவையில் என்னென்ன பொருள், எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் கருவி அது. பாடப்புத்தகத்தில் வாயு வண்ணப்பிரிகை (கேஸ் குரோமட்டோகிராபி) என்று இருக்கும், லேபில் எல்லோரும் சுருக்கமாக ஜிசி என்பார்கள். வண்ணத்துக்கும் இதற்கும் இப்போது ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 1900களின் தொடக்கத்தில் மிகைல் ஸ்வெட் என்ற ரஷ்யத் தாவரவியலாளர் இலையின் நிறமிகளைப் பட்டை பட்டையாகப் பிரித்துக் காட்டினார். அந்தப் பெயர் அப்படியே நின்றுவிட்டது. இன்றைய ஜிசிக்கு அடித்தளமான முறையை ஜேம்ஸ், மார்ட்டின் என்ற இருவர் 1952இல் வெளியிட்டார்கள்.

மாதிரியில் ஒரு மைக்ரோலிட்டரைச் சிரிஞ்சில் எடுத்து உள்ளே செலுத்துவார்கள். ஒரு சொட்டை ஐம்பதாகப் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு, ஏறக்குறைய அவ்வளவுதான். 250 டிகிரி சூட்டில் அது சட்டென்று ஆவியாகிவிடும். ஹீலியம், ஹைட்ரஜன் போன்ற ஒரு வாயு அந்த ஆவியை ஒரு மெல்லிய குழாய்க்குள் கொண்டுபோகும். லேபில் அதைக் ‘காலம்’ என்பார்கள். தமிழில் எழுதினால் நேரம் என்று படிக்கத் தோன்றும், அதனால் குழாய் என்றே வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் 30 மீட்டர் நீளம், உள்ளே கால் மில்லிமீட்டர் அகலம். வளையமாகச் சுற்றி ஓர் அடுப்புக்குள் தொங்கவிட்டிருப்பார்கள். உள்சுவரில் ஒரு பூச்சு இருக்கும். அதில் ஒட்டாத பொருள் விறுவிறுவென்று வெளியே வந்துவிடும், ஒட்டி ஒட்டி நகர்வது தாமதமாக வரும். ஒவ்வொன்று வரும்போதும் திரையில் கூம்பு மாதிரி ஒரு கோடு எழும்பி இறங்கும். அதுதான் பீக். அது வந்த நேரத்தை வைத்து என்ன பொருள் என்று ஊகிக்கலாம், பரப்பை வைத்து எவ்வளவு என்று கணக்கிடலாம்.

சரி, இதை வைத்து யார் என்ன செய்கிறார்கள்? எனக்குப் பிடித்த உதாரணம் மின்மாற்றி. உள்ளே எண்ணெய் நிரம்பிய பெரிய பெட்டி அது, திறந்து பார்க்கிற காரியம் நடக்காது. அதனால் எண்ணெயில் கொஞ்சம் எடுத்து, அதில் கரைந்திருக்கும் வாயுக்களை ஜிசியில் பிரித்துப் பார்ப்பார்கள். அசிட்டிலீன் கூடியிருந்தால் உள்ளே எங்கோ மின்பொறி பறக்கிறது. எத்திலீன் கூடினால் எண்ணெய் அளவுக்கு மீறிச் சூடாகிறது. கார்பன் மோனாக்சைடு கூடினால் கம்பியைச் சுற்றிய காகிதக் காப்பு கருகுகிறதோ என்று சந்தேகிப்பார்கள். மின்மாற்றியை ஓடவிடுவதா நிறுத்துவதா என்று முடிவெடுக்கிறவர் கையில் இருப்பது உங்கள் மகளைப் போன்ற ஒருவர் கையெழுத்திட்ட அறிக்கை.

மருந்துத் துறையில் வேறு மாதிரி. மாத்திரை தயாரிக்கும்போது பயன்பட்ட கரைப்பான்கள் துளியாவது மிஞ்சும். மெத்தனால் 3000 பிபிஎம் வரை இருக்கலாம், பென்சீன் 2 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது என்று சர்வதேச வழிகாட்டுதல் இருக்கிறது. பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 2018இல் வால்சார்ட்டன் என்ற ரத்த அழுத்த மருந்தில் என்டிஎம்ஏ என்ற, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய மாசு இருப்பது தெரிந்து பல நாடுகளில் திரும்பப் பெற்றார்களே, அப்போது அதை அளக்கக் கைகொடுத்தது நிறைநிறமாலைமானியோடு, அதாவது மூலக்கூறின் எடையை வைத்துப் பொருளை அடையாளம் காணும் கருவியோடு, இணைந்த ஜிசி. லேபில் ஜிசி-எம்எஸ் என்பார்கள்.

இவை போக பெட்ரோலியச் சுத்திகரிப்பு, இயற்கை எரிவாயுவின் வெப்ப மதிப்பு, ரத்தத்தில் ஆல்கஹால், காய்கறியில் பூச்சிக்கொல்லி, வாசனைத் திரவியம் என்று பட்டியல் நீளும். வாசனைத் துறையில் குழாயின் முனையில் மனிதர் மூக்கை வைத்து உட்கார்ந்து, எந்தப் பீக்குக்கு என்ன மணம் என்று எழுதுவார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அது ஒரு நிஜ வேலை.

ஒரு குறையும் சொல்லிவிட வேண்டும். ஆவியாகாத பொருளிடம் ஜிசியின் பாச்சா பலிக்காது. புரதம் சூட்டில் சிதைந்துபோகும், சர்க்கரையை வேதிமாற்றம் செய்தால்தான் உள்ளே விடலாம். இவற்றுக்கெல்லாம் திரவத்தை வைத்துப் பிரிக்கும் ஹெச்பிஎல்சி இருக்கிறது. மருந்து நிறுவனங்களில் அதன் புழக்கம் இன்னும் அதிகம். ஆகவே ஜிசி மட்டும் போதும் என்று அவள் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பையன் நல்ல மதிப்பெண்காரன். ஒரு நிறுவனத்தின் மென்பொருளை வைத்து நடத்திய குறுகிய காலப் பயிற்சிச் சான்றிதழும் வைத்திருந்தான். நேர்முகத் தேர்வில் கேட்டது ஒரே கேள்வி: “நேற்று ஆறு நிமிடத்தில் வந்த பீக் இன்று ஆறரை நிமிடத்தில் வருகிறது. முதலில் எதைப் பார்ப்பீர்கள்?” மென்பொருளில் நேரத்தை மாற்றிவிடுவேன் என்றான். அவ்வளவுதான், கிளம்பச் சொல்லிவிட்டார்கள். எல்லாப் பீக்கும் சேர்ந்து தாமதமானால் வாயு ஓட்டம் குறைந்திருக்கலாம், ஊசி குத்திக் குத்தி ரப்பர் அடைப்பு ஓட்டையாகிக் கசியலாம், அடுப்புச் சூடு இறங்கியிருக்கலாம். பீக் வால் நீண்டு வந்தால் மாதிரி ஆவியாகிற இடத்தில் இருக்கும் கண்ணாடிச் செருகு அழுக்காகியிருக்குமோ என்று பார்க்க வேண்டும். பட்டன் தட்டுகிறவருக்கும் பகுப்பாய்வாளருக்கும் வித்தியாசம் இந்த இடத்தில்தான். மெஷின் தருகிற எண்ணை எப்போது நம்பக் கூடாது என்று தெரிந்தவருக்குத்தான் புதிய சோதனை முறை உருவாக்கும் பொறுப்பும், கருவிப் பராமரிப்பு வேலையும், லேப் தலைமையும் தேடி வரும்.

இன்னொன்று. சில இடங்களில், வரம்பைத் தாண்டிய பீக்கின் அடிக்கோட்டைக் கையால் கொஞ்சம் உயர்த்திப் பரப்பைக் குறைக்கச் சொல்லி மேலே இருப்பவர் ஜாடை காட்டுவார். மென்பொருளின் பதிவேட்டில் யார், எப்போது, எதை மாற்றினார் என்பது நிற்கும், மாட்டுவது கை வைத்தவர்தான். இதை இப்போதே அவளிடம் சொல்லிவையுங்கள். ராத்திரி ஷிப்ட் உண்டா என்றும் கேட்டிருந்தீர்கள். உற்பத்தி இரவும் பகலும் நடக்கிற ஆலையில் உண்டு, ஆராய்ச்சி லேபில் பெரும்பாலும் இருக்காது.

இரண்டு இடத்திலிருந்து அழைப்பு வந்திருக்கிறது என்றீர்கள். சம்பளத்தை ஒப்பிடும் முன் இரண்டு இடத்திலும் அவள் ஒன்றைக் கேட்கட்டும்: “குழாயை மாற்றுவது, கண்ணாடிச் செருகை மாற்றுவதெல்லாம் யார் செய்கிறார்கள்?” ‘நாங்களேதான், உங்களுக்கும் சொல்லித்தருவோம்’ என்கிற இடத்தில் சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் சேரட்டும். ‘அதற்கெல்லாம் வெளியிலிருந்து ஆள் வருவார், நீங்கள் மாதிரியை வைத்தால் போதும்’ என்கிற இடம் மட்டும்தான் கிடைக்கிறது என்றால், ஓராண்டு இருக்கட்டும். அந்த ஆள் வருகிற நாளில் விடுப்பு மட்டும் எடுக்காமல், பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள்.